குற்றாலம் + பாலருவி, ரெண்டு நாள், ஏழு பேர்: இந்த பிளான் ஒத்து வருமா?

பாளைப்பையன் | செவ்வாய், காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாளையங்கோட்டை, பொழப்பு சென்னையில. வர்ற சனி, ஞாயிறு ஊர்ல இருக்கேன். அம்மா (68 வயசு, முழங்கால் வலி), வீட்டுக்காரி, பிள்ளைங்க ரெண்டு (9, 5), கோயம்புத்தூர்ல இருந்து அக்காவும் அத்தானும். சொந்தக் கார் ஒண்ணு, வாடகைக் கார் ஒண்ணு.

சனிக்கிழமை பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம். ராத்திரி அங்கேயே தங்கல். ஞாயிறு புளியரை தாண்டி கேரளாவுல பாலருவி, தென்மலை அணை, பதிமூணு கண் பாலம், திரும்புற வழியில பண்பொழி திருமலைக்கோயில். ராத்திரி சென்னை ரயில்.

வீட்டுக்காரி இந்த லிஸ்ட்டைப் பாத்துட்டு "குளிக்கப் போறோமா, கணக்கெடுக்கப் போறோமா"ன்னு கேக்கா. நீங்க சொல்லுங்க.

மேலகரம் அண்ணாச்சி | செவ்வாய், காலை 10.15

உங்க வீட்டுக்காரிகிட்ட ஊரைக் குடுத்துட்டு நீங்க பின்னால போங்க தம்பி.

ஆடி மாசம், சனிக்கிழமை. அஞ்சு அருவியில குளிக்கணும்னா அஞ்சு தடவை வண்டி நிறுத்த இடம் தேடணும், அஞ்சு தடவை ஈரத்துணி மாத்தணும். பேரருவியில இருந்து ஐந்தருவி நாலஞ்சு கிலோமீட்டர்தான், ஆனா சீசன் சனிக்கிழமை அந்த நாலஞ்சு கிலோமீட்டரை நடந்தே வெரசாப் போயிரலாம். நாங்க உள்ளூர்க்காரங்க சனி, ஞாயிறு அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டோம்.

வெள்ளிக்கிழமை லீவு போட முடியுமா?

பாளைப்பையன் | செவ்வாய், காலை 10.22

லீவுக்கு வழியே இல்ல அண்ணாச்சி. வெள்ளி ராத்திரி ரயில்ல வந்து சனி காலையில இறங்குதேன்.

ஸ்டியரிங் | செவ்வாய், காலை 11.05

இருபது வருசமா இந்த ரோட்டுலதான் வண்டி ஓட்டுதேன். மூணு விசயம் சொல்லிடுதேன்.

திருநெல்வேலி, ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி. இது 55 கிலோமீட்டருக்குள்ளதான் வரும். இப்ப ரோடு அகலமாயிட்டு, பழைய கதை இல்ல. செங்கோட்டை தாண்டுனதும்தான் சோதனை. கேரளாவுக்கு மண்ணும் கல்லும் ஏத்திட்டுப் போற லாரி வரிசை கட்டி நிக்கும். புளியரை எஸ் வளைவுல ஒரு லாரி படுத்துட்டா அன்னைக்கு முடிஞ்சது சோலி. ஞாயிறு காலையில ஏழு மணிக்குள்ள அந்த மேட்டை ஏறிருங்க.

ரெண்டாவது, வாடகைக் கார். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கேரளா பெர்மிட் இருக்கான்னு கேளுங்க. "இருக்கு"ன்னு வாயால சொன்னா நம்பாதீங்க, பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வெள்ளை போர்டு சொந்தக் காருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

மூணாவது, கோட்டைவாசல் கருப்பசாமி கோயில்ல ஒரு நிமிசம் நிறுத்தி ஒரு சூடம் கொளுத்துங்க. நாங்க யாரும் நிறுத்தாமப் போறதில்ல.

பாளைப்பையன் | செவ்வாய், காலை 11.30

பெர்மிட் இப்பவே போன் போட்டுக் கேட்டுட்டேன். ஆபீஸ்ல "எல்லாம் இருக்கு சார்"னு சொல்லிட்டாங்க. நன்றிண்ணே.

ஸ்டியரிங் | செவ்வாய், காலை 11.34

போட்டோ வந்துச்சா?

சாரல் | செவ்வாய், மதியம் 1.10

ஆம்பளைங்க எல்லாம் ரோடு, லாரின்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. பொம்பளைங்க மூணு பேரு வாராங்களே, அவங்களுக்கு யாரு சொல்லுவா? தம்பி, இதை உங்க வீட்டுல அப்படியே காட்டுங்க.

பேரருவியில பெண்களுக்குத் தனிப் பக்கம் இருக்கு, ஐந்தருவியிலயும் பழைய குற்றாலத்துலயும் அப்படித்தான். ஆனா சீசன்ல அந்தப் பக்கம் கம்பியைப் பிடிக்க இடம் கிடைக்காது. உள்ள போனா ஒரே நெரிசல், யாரு கையி யாரு முடின்னு தெரியாது. காதுல கழுத்துல உள்ளதை எல்லாம் ரூம்லயே கழட்டி வச்சிருங்க. தாலிச்செயினைக் கழட்ட மனசு வராட்டி, ஜாக்கெட்டோட சேத்து ஊக்கு குத்திருங்க. கால்ல மெட்டி லூசா இருந்தா அதுவும் போயிரும், எங்க சித்தி ரெண்டு தடவை விட்டுட்டா. வெளிர் கலர் துணி வேண்டவே வேண்டாம், கெட்டியான சுடிதார் போதும். சேலையோட போனா தண்ணி வேகத்துல முந்தானை எங்க போகுதுன்னே தெரியாது.

அம்மாவுக்கு: பேரருவி நெரிசலுக்குள்ள கொண்டு போகாதீங்க. தண்ணி கம்மியா இருந்தா ஐந்தருவி ஓரத்துல, கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, பக்கத்துல ஒரு ஆள் நின்னு, அஞ்சு நிமிசம். அது போதும். தரை பாசி பிடிச்சிருக்கும், ரப்பர் செருப்போட போனா வழுக்கிரும், வெறுங்கால்தான் நல்லது.

அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் புலியருவி. அங்க தண்ணி மெல்ல விழும். பிள்ளைங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு. எண்ணெய் தேச்சிட்டு அருவிக்குப் போகக் கூடாது. சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் கூடாது, கோர்ட்டு உத்தரவு. உங்க அம்மா காலத்துல எண்ணெய் தேச்சிட்டுத்தான் நிப்பாங்க. "என்னது, எண்ணெய் இல்லாமக் குற்றாலமா"ன்னு சண்டைக்கு வருவாங்க, தயாரா இருங்க.

பாளைப்பையன் | செவ்வாய், மதியம் 1.45

அக்கா, அந்தக் கடைசி வரியைப் படிச்சிட்டு எங்க அம்மா இப்பவே போன்ல ஆரம்பிச்சிட்டாங்க.

கோயம்புத்தூர் மாப்ளே | செவ்வாய், மாலை 4.00

நான்தான் அந்த அத்தான். மச்சான் லிங்க் அனுப்பிச்சாரு. எனக்கு ஒரே டவுட்டுங்க. பேரருவியில தடை போட்டுட்டாங்கன்னா பேசாம பாலருவிக்குப் போயிட்டா ஆச்சுங்களே? அது வேற ஸ்டேட்டுதானே?

மேலகரம் அண்ணாச்சி | செவ்வாய், மாலை 5.20

வாங்க மாப்ளே. எல்லாரும் இந்த இடத்துலதான் ஏமாறுறாங்க.

ஸ்டேட்டு வேறதான், மலை ஒண்ணுதான். ஆனி, ஆடியில மேகம் அரபிக்கடல்ல இருந்து வருது. மழையில பெரும்பங்கை அந்தச் சரிவுலயே கொட்டிட்டு, ஆரியங்காவு கணவாய் வழியா மிச்சம் மீதி நம்ம பக்கம் எட்டிப் பாக்குது. அந்த மிச்சத்துக்குப் பேருதான் சாரல். இங்கே பேரருவியில தடை போடுற அளவுக்குத் தண்ணி வந்தா, அங்கே பாலருவியில அதை விடக் கூடத்தான் இருக்கும். கேரளா வனத்துறைக்காரங்க நம்மளை விடக் கறார், கேட்டைச் சாத்திட்டுப் போயிருவாங்க. அதனால பாலருவியை மாத்து ஏற்பாடா வைக்காதீங்க.

ரெண்டு தண்ணியும் பொறக்குற மலை ஒண்ணுன்னாலும் போற கடல் வேற. குற்றாலத்துத் தண்ணி சித்தாறா ஓடி, தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரிகிட்ட தாமிரபரணியில சேந்து புன்னைக்காயல்ல கடலுக்குப் போகுது. பாலருவித் தண்ணி கழுதுருட்டி வழியா கல்லடையாத்துல சேந்து மேக்க அஷ்டமுடிக் காயலுக்குப் போகுது. பாலருவியில நனைஞ்ச துண்டைத் திருநெல்வேலியில வந்து பிழிஞ்சா அரபிக்கடலுக்குக் கொஞ்சம் தண்ணி குறையும், அவ்வளவுதான்.

சீவலப்பேரி சுடலை | செவ்வாய், மாலை 5.31

எங்க ஊரு பேரு வந்ததுல சந்தோசம் அண்ணாச்சி. குற்றாலத்துல நீங்க குளிச்ச தண்ணியிலதான் நாங்க குளிக்கோம். பாத்துக் குளிங்க.

கோயம்புத்தூர் மாப்ளே | செவ்வாய், மாலை 5.40

தடை போட்டிருக்காங்கன்னு தூரத்துல இருந்து எப்படீங்க கண்டுபிடிக்கிறது?

மேலகரம் அண்ணாச்சி | செவ்வாய், மாலை 6.02

பேரருவிக்கு நேரா ஒரு ஆர்ச் இருக்குல்லா, தண்ணி அதைத் தாண்டி விழுந்தா தடை. "ஆர்ச்சைத் தாண்டிட்டு"ன்னு டீக்கடையில சொன்னாலே போதும், துண்டை மடிச்சு வச்சிரலாம். மேல மலையில இருந்து தண்ணி நேரா நம்ம தலையில விழாது. நடுவுல பொங்குமாகடல்னு ஒரு கிடங்கு, அதுல விழுந்து வேகம் குறைஞ்சு, அப்புறம்தான் கீழ வருது. அந்தக் கிடங்கே தாங்காத அளவுக்கு வந்துட்டா, விசில் ஊதுனதும் வெளிய வந்திரணும்.

பழைய குற்றாலத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 2024 மே 17, கோடை மழை. கீழ இங்க பெருசா ஒண்ணும் இல்ல, மேல பெஞ்சது. திடுதிப்புன்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சிட்டுப் போயிட்டு. நம்ம திருநெல்வேலிப் பிள்ளை. அதனால வானம் வெளுத்திருக்குன்னு நம்பாதீங்க. தண்ணி கலங்கி, சருகும் குச்சியுமா வந்தா போலீஸ் விசிலுக்குக் காத்திருக்காதீங்க. பிள்ளையைத் தூக்கிட்டு நடையைக் கட்டுங்க.

பாசஞ்சர் பிரியன் | செவ்வாய், இரவு 9.15

யாருமே ரயிலைப் பத்திப் பேசலையே? திருநெல்வேலியில பாசஞ்சர் ஏறுனா சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம் வழியா ரெண்டு மணி நேரம், தென்காசி. இடது பக்கம் ஜன்னல் சீட்டு பிடிச்சா வழியெல்லாம் மலை கூடவே வரும். கார்ல போறவங்களுக்கு ஆலங்குளத்துல கரண்டு எடுக்கிற காத்தாடிதான் கெடைக்கும்.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் அதை விட அழகு. 1904ல போட்ட பாதை. மீட்டர் கேஜை 2010ல நிறுத்தி, அகலப்பாதையா 2018ல திறந்தாங்க. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவுல மலையைக் குடைஞ்ச குகை. இந்தப் பக்கம் தமிழ்நாட்டுல நுழைஞ்சா கேரளாவுல வெளிய வரும். பதிமூணு கண் பாலத்தைக் கார்ல போறவங்க ரோட்டுல நின்னு அண்ணாந்து பாப்பாங்க, நாங்க அது மேல போவோம்.

ஒரு எச்சரிக்கை. பாலருவி எக்ஸ்பிரஸ்னு ஒரு வண்டி இருக்கு, பேரைப் பாத்து ஏறிராதீங்க. மலையைத் தாண்டுறது நடுராத்திரியில. போகும்போதும் சரி, வரும்போதும் சரி. கருப்பு கலர்ல ஒரு அருவியைப் பாக்கணும்னா தாராளமா ஏறலாம்.

சாரல் | செவ்வாய், இரவு 9.40

முழங்கால் வலிக்கார அம்மாவைப் பிளாட்பாரப் படி ஏத்தி இறக்கச் சொல்லுதீங்களா? கார்தான் சரி.

பாசஞ்சர் பிரியன் | செவ்வாய், இரவு 9.42

சரிக்கா. மனசுல பட்டதைச் சொன்னேன்.

கடையநல்லூரான் | புதன், காலை 8.20

சாப்பாடு பேசாம இழையை முடிச்சிருவீங்க போலயே. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல பிரானூர். அங்க "பார்டர்"னு சொன்னாத்தான் ஆளுக்குத் தெரியும். பரோட்டாவும் நாட்டுக்கோழியும். சாயங்காலம் ஆறு மணிக்கு முந்தியே போயிருங்க, ஏழுக்கு மேல சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவன் பின்னால ஆள் நிப்பான்.

பாக்குறவங்களுக்கு ஒரு குழப்பம் வரும்: பார்டர்னு எழுதியிருக்கு, கேரளாவைக் காணோமேன்னு. அந்தக் காலத்துல திருவிதாங்கூர் எல்லை அங்கதான். செங்கோட்டை அப்ப மகாராஜா ராஜ்யம். 1956 நவம்பர் 1ல செங்கோட்டை மெட்ராஸ் மாநிலத்தோட சேந்தது, எல்லை மலை மேல போயிட்டு. பேரு மட்டும் பரோட்டாக்கல்லுல ஒட்டிக்கிட்டு அங்கயே இருக்கு. செங்கோட்டையில அந்தப் பழைய ஆர்ச்சுல சங்கு முத்திரை இன்னைக்கும் இருக்கும், வண்டியை மெதுவா விட்டுப் பாருங்க.

தென்பொதிகை வீரன் | புதன், காலை 9.05

அப்படியே பாலருவியையும் 56லயே நம்மகிட்ட சேத்திருக்கணும். விட்டுட்டாங்க. நம்ம மலை, நம்ம அருவி, அவங்களுக்கு டிக்கெட்டுக் காசு. அதைக் கேக்க ஒரு

*[மீதி நீக்கப்பட்டது]*

நெறியாளர் | புதன், காலை 9.30

எல்லைத் தகராறுக்கு வேற இழை இருக்கு. இங்கே குளிக்கிறதைப் பத்தி மட்டும்.

ஸ்டியரிங் | புதன், காலை 10.10

பாலருவி நடைமுறையை யாரும் சொல்லல. நம்ம வண்டி அருவி வரைக்கும் போகாது. ஆரியங்காவுல மெயின் ரோட்டை ஒட்டி டிக்கெட் கவுண்டர், வண்டியை அங்க போட்டுட்டு வனத்துறை வண்டியில உள்ள நாலு கிலோமீட்டர். காட்டுக்குள்ள போற அந்த நாலு கிலோமீட்டருக்கே காசு குடுக்கலாம். பிளாஸ்டிக் பை, பாட்டில் எல்லாம் கார்லயே வச்சிருங்க. சாயங்காலம் சீக்கிரமே சாத்திருவாங்க, காலையிலயே போங்க. கோடையில தண்ணி வத்துனா அருவியையே மூடிருவாங்க, ஆடியில அந்தப் பயம் இல்ல.

அருவி 300 அடி. பேருக்கேத்த மாதிரி பாலைக் கவுத்து ஊத்துன மாதிரிதான் விழும். பக்கத்துல ராஜா காலத்துக் கல்மண்டபம் ஒண்ணும் குதிரை லாயமும் இருக்கு.

திரும்ப வரும்போது பண்பொழி திருமலைக்கோயிலை அம்மாவுக்காக வச்சிக்கலாம், கார் மேல வரைக்கும் போகும். தென்மலை அணையை அடிச்சிருங்க. அணையைத் தாமிரபரணிக்காரன் கேரளாவுல போயா பாக்கணும்?

பாளைப்பையன் | புதன், காலை 11.00

புது லிஸ்ட்: சனி, பிள்ளைங்களுக்குப் புலியருவி, எல்லாருக்கும் ஐந்தருவி. சாயங்காலம் பார்டர். ஞாயிறு காலை பாலருவி, திரும்பி வந்து திருமலைக்கோயில். மத்தது எல்லாம் அடிச்சாச்சு. வீட்டுக்காரி சிரிக்கா.

மேலகரம் அண்ணாச்சி | வெள்ளி, இரவு 10.45

தம்பி, ரயில்ல இருப்பீங்க. மத்தியானத்துல இருந்து மேல கருக்கட்டிட்டு நிக்குது. இப்ப எங்க ஓட்டுல சத்தம் கேக்குது. பேரருவி ஆர்ச்சைத் தாண்டிட்டு. ஐந்தருவியிலயும் தடை. காலையில எந்திரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்.

பாளைப்பையன் | வெள்ளி, இரவு 10.52

ஐயோ.

மேலகரம் அண்ணாச்சி | சனி, காலை 6.10

தடை இன்னும் எடுக்கல. வாங்க, வராம இருக்காதீங்க. தண்ணி இறங்க நேரம் ஆகாது. காலையில இலஞ்சி குமாரர் கோயில், தென்காசி கோயில்னு சுத்துங்க. தென்காசி கோபுர வாசல்ல நுழையும்போது காத்து ஆளைத் தள்ளும், பிள்ளைங்களை அங்க நிறுத்தி வச்சாலே அரை மணி நேரம் ஓடிரும்.

பாளைப்பையன் | திங்கள், மதியம் 12.30

சென்னை வந்து சேந்தாச்சு. உங்களுக்கு எல்லாம் விவரம் சொல்லாட்டி தப்பு.

சனிக்கிழமை நாலரை மணி வரைக்கும் குளியலே இல்ல. அண்ணாச்சி சொன்ன மாதிரி கோயில்தான். கோபுர வாசக் காத்துல சின்னவன் சட்டை பலூன் மாதிரி உப்பிட்டு, அவனைக் கூட்டிட்டு வரவே முடியல. பேரருவியைத் தள்ளி நின்னு பாத்தோம். பாறையே தெரியல, செம்மண் கலர்ல ஒரே சுவரு, சாரல் ரோடு வரைக்கும் வந்து கண்ணாடி எல்லாம் மங்கிட்டு. அங்க நின்னுக்கிட்டு மிளகாய் பஜ்ஜி தின்னோம். சூடா நாக்கு வெந்துபோற மாதிரி, முகத்துல சாரல். குளிக்கலையேன்னு வருத்தமே வரல.

நாலரை மணிக்கு ஐந்தருவியில தடையை எடுத்துட்டாங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. ஓடுனோம். கூட்டம் இன்னும் வந்து சேரல. அம்மாவை வீட்டுக்காரியும் அக்காவும் ஆளுக்கொரு கையாப் பிடிச்சு ஓரத்துல நிறுத்தியிருக்காங்க. சாரல் அக்கா சொன்ன அஞ்சு நிமிசம் எல்லாம் இல்ல, அரை மணி நேரம். வெளிய வரும்போது வெத்தலை போட்ட மாதிரி உதடு சிவந்து, வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே, "எண்ணெய் தேச்சிருந்தா இப்படிக் குளிராதுல"ன்னு எங்களைத் திட்டுனாங்க. முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டேன். எந்த முழங்கால்னு கேட்டாங்க.

பார்டர்ல ஆறே காலுக்குப் போனோம். கடையநல்லூரான் சொன்ன கால் மணி நேரம் தப்பிட்டு, முக்கால் மணி நேரம் இன்னொருத்தர் முதுகைப் பாத்துக்கிட்டு நின்னோம். அத்தான் பரோட்டா எத்தனைன்னு இங்க சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு.

ஞாயிறு. ஸ்டியரிங் அண்ணன்கிட்ட ஒரு மன்னிப்பு. வாடகைக் காருக்குப் பெர்மிட் கிடையாது. போட்டோ கேக்காம விட்டுட்டேன். புளியரையில வச்சு டிரைவர் தலையைச் சொறியுதாரு, ஆபீஸ்ல போனே எடுக்கல. அப்புறம் என்ன, எங்க கார்லயே ரெண்டு நடை. முதல்ல அம்மா, வீட்டுக்காரி, பிள்ளைங்க. அவங்களை ஆரியங்காவுல இறக்கிவிட்டுட்டுத் திரும்பி வந்தா, அத்தானும் அக்காவும் ஒரு கடையில உக்காந்து நேந்திரம்பழம் தின்னுக்கிட்டு இருக்காங்க. கருப்பசாமியை நாலு தடவை கும்பிட்டாச்சு. இனி ஒரு வருசத்துக்கு வண்டிக்கு ஒண்ணும் ஆகாது.

வனத்துறை வண்டி ஏற ஒன்றரை மணி நேரம் வரிசை. பாலருவியில தண்ணி கூடுதல், கம்பிக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டாங்க, தெறிச்சு வந்ததுல நனைஞ்சதுதான். ஆனா அந்த உசரம்! கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்தோம். அம்மா கல்மண்டபத்துப் படியில உக்காந்து, "ராஜா குளிக்க வந்தா இம்புட்டு வரிசையிலயா நின்னிருப்பாரு"ன்னு கேட்டாங்க.

திருமலைக்கோயில் போக நேரம் இல்ல. ரயிலைப் பிடிக்கவே ஓட்டம்.

இழப்பு: ஐந்தருவியில சின்னவனோட செருப்பு ஒண்ணு தண்ணியோட போயிட்டு. புதுசு, நீலக் கலர். நேத்து ராத்திரி ரயில்ல முழிச்சு, "அது இப்ப எங்க இருக்கும்"னு கேக்கான். அண்ணாச்சி எழுதுனதைத்தான் சொன்னேன். சித்தாறு, தென்காசி, சீவலப்பேரி.

சாரல் | திங்கள், மதியம் 12.50

நாலரை மணிக்குத் தடையை எடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா நானும் வந்திருப்பேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க தம்பி. அடுத்த தடவை எண்ணெய் தேச்சே கூட்டிட்டு வாங்க, ரூம்லயே குளிச்சிட்டு அருவிக்குப் போகட்டும்.

ஸ்டியரிங் | திங்கள், மதியம் 1.15

மன்னிப்பு எல்லாம் எதுக்கு. நாலு தடவை கும்பிட்டீங்களே, அது போதும்.

சீவலப்பேரி சுடலை | திங்கள், மதியம் 1.40

நீலக் கலர்னு சொன்னீங்க. இடது காலா, வலது காலா?